'டர்ட்' ஆல்பம்: கேட்டவர்களும் கேட்கப்போகிறவர்களும் கேட்ட கேள்விகள்

ஆலிஸ் இன் செயின்ஸ் இசைக்குழுவின் இரண்டாவது முழு ஆல்பம் 'டர்ட்'. 1992 செப்டம்பர் 29 அன்று கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. ராக் இசையில் இவ்வளவு இருட்டான ஆல்பங்கள் எனக்குத் தெரிந்து அதிகமில்லை. இதைப் பற்றி வந்த கேள்விகளில் எனக்குப் பதில் தெரிந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

நிர்வாணா, பெர்ல் ஜாம் இரண்டும் கேட்டிருக்கிறேன். இவர்களை எங்கே வைப்பது அண்ணா?

அதே ஊர்தான் தம்பி, சியாட்டில். சவுண்ட்கார்டனையும் சேர்த்தால் அந்த ஊரின் பெரிய நான்கு குழுக்கள். ஆனால் வந்த வழி வேறு. நிர்வாணாவின் வேர் பங்க் இசை. இவர்களுடையது ஹெவி மெட்டல். 1991இல் ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் என்ற மூன்று மெட்டல் குழுக்களும் சேர்ந்து அமெரிக்கா சுற்றியபோது, முதலில் மேடையேறியது இவர்கள்தான். ஸ்லேயருக்காக வந்த கூட்டம் கையில் கிடைத்ததையெல்லாம் இவர்கள் மேல் வீசியது. இவர்களோ இறங்கிப் போகாமல் வாசித்து முடித்தார்கள். 'டர்ட்' கேட்கும்போது அந்த முரட்டுத்தனம் தெரியும்.

எந்தப் பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்?

முதல் பாட்டிலிருந்து. கலைத்துப் போட்டுக் கேட்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஆல்பம்தான், ஒரே உட்காரலில் முடித்துவிடலாம்.

ஒரு சின்னச் சிக்கல் உண்டு. 'டவுன் இன் எ ஹோல்' சில பதிப்புகளில் நான்காவதாக வரும், சிலவற்றில் கடைசிக்கு முந்தையதாக வரும். என் ஓட்டு கடைசிக்கு முந்தைய இடத்துக்கே. 'ஆங்ரி சேர்' முடிந்து, இது வந்து, பிறகு 'வுட்?' என்று போகும்போதுதான் அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடம் முழு பலத்தோடு இறங்கும். நான்காவதாக வந்தால் ஆல்பம் சூடேறும் முன்பே மூச்சு வாங்கிவிடுகிறது.

கிட்டார் கற்றுக்கொள்கிறேன். 'தெம் போன்ஸ்' வாசிக்கும்போது ஒவ்வொரு முறையும் தாளம் தப்புகிறது. ஏன்?

நீங்கள் எட்டு எண்ணுகிறீர்கள், பாட்டு ஏழில் போகிறது. அவ்வளவுதான். கர்நாடக இசையில் மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்தவருக்கு ஏழு ஒன்றும் அந்நியமில்லை. ஆனால் அங்கே ஏழு வழுக்கிக்கொண்டு போகும், இங்கே ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அடியைப் பிடுங்கிவிட்டது போல இடறும். ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு, தானே ஏறிக்கொண்டு வருகிறது, கால் வைக்கும் முன்பே அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது. பல்லவிக்கு வரும்போது நாலுக்கு மாறும். அப்போது தரை கிடைத்த மாதிரி இருக்கும், ஆனால் பாடுகிற விஷயமோ தனிமையும் சாவும்.

சுருதி விஷயம்: எல்லாத் தந்திகளையும் அரைச் சுரம் இறக்குங்கள். அதற்கு மேல் தடித்த ஆறாவது தந்தியை மட்டும் இன்னொரு முழுச் சுரம் இறக்குங்கள். இதைச் செய்யாமல் வாசித்தால் எத்தனை டிஸ்டார்ஷன் போட்டாலும் அந்தக் கனம் வராது.

இன்னொன்று. பாட்டின் முதல் நொடியைக் கவனியுங்கள். முன்னுரை எதுவும் கிடையாது. கிட்டாரும் லேன் ஸ்டேலியின் கத்தலும் ஒன்றாக வந்து அறையும். அந்தக் கத்தல் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொன்றும் ரிஃப்பின் அதே இடத்தில் விழும். ஒரு வரி வார்த்தை வருவதற்கு முன்பே ஆல்பத்தின் மனநிலை என்ன என்று தெரிந்துவிடுகிறது.

இதில் பாடுவது ஒருவரா இருவரா? ஹெட்ஃபோனில் கேட்டால் குழப்பமாக இருக்கிறது.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேர். முதன்மைப் பாடகர் லேன் ஸ்டேலி. கிட்டார் வாசிக்கும் ஜெர்ரி கேன்ட்ரெல் இன்னொருவர். போதாததற்கு லேன் தன் குரலையே இரண்டு மூன்று முறை பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். அதனால் பல இடங்களில் எது யார் குரல் என்று பிரிக்கவே முடியாது. எனக்கும் சில வரிகளில் இன்னும் சந்தேகம்தான்.

பொதுவாக இரட்டைக் குரல் என்றால் இனிமை கூட்டத்தான் சேர்ப்பார்கள். இங்கே நேர் எதிர். இரண்டு குரலும் நெருக்கமாக ஒட்டிக்கொண்டே போகும், ஆனால் இனிக்காது. ஒன்று கசந்தால் மற்றதும் கூடவே கசக்கும். இந்த ஆல்பத்தின் இருட்டு கிட்டாரில் இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே கிட்டார் சத்தத்தை அந்தக் காலத்தில் நிறையப் பேர் வாசித்தார்கள். இருட்டு இந்த இரண்டு குரலுக்கு நடுவில் இருக்கிறது.

கடைசிப் பாட்டு 'வுட்?'டை எடுத்துக்கொள்ளுங்கள். அது கேன்ட்ரெல் எழுதியது. மதர் லவ் போன் குழுவின் பாடகர் ஆண்ட்ரூ வுட் 1990இல் ஹெராயினால் இறந்தார். இவர்களின் நண்பர். அவரை நினைத்து எழுதிய பாட்டு. மைக் ஸ்டாரின் பேஸ் கிட்டார் தனியாக ஊர்ந்து வரும், சரணத்தைக் கேன்ட்ரெல் தாழ்ந்த குரலில் பாடுவார். யாரையோ பற்றித் தூரத்தில் நின்று பேசுவது போல. பல்லவியில் லேன் உள்ளே வருவார். அதே ஹெராயினின் பிடியில் இருந்தவர் அவர். அந்த இடத்தில் பாட்டு செத்துப்போன நண்பரைப் பற்றியதாக மட்டும் இருப்பதில்லை. பக்கத்தில் உயிரோடு நிற்கிற நண்பரைப் பற்றியதாகவும் ஆகிவிடுகிறது. அதை எழுதியவரும் அங்கேயே நிற்கிறார். 2002 ஏப்ரலில் லேனும் அதே பழக்கத்தில் போய்ச் சேர்ந்தார், வயது 34.

முழு ஆல்பமும் போதைப் பாட்டுகள்தானே சார்?

இல்லை. நடுவில் 'சிக்மேன்', 'ஜங்க்ஹெட்', 'டர்ட்', 'காட் ஸ்மாக்', 'ஹேட் டு ஃபீல்', 'ஆங்ரி சேர்' என்று ஒரு வரிசை இருக்கிறது, அதை வைத்து இந்தப் பெயர் வந்துவிட்டது. மற்றவற்றைப் பாருங்கள். 'டேம் தட் ரிவர்' கேன்ட்ரெலும் டிரம்மர் ஷான் கின்னியும் அடித்துக்கொண்ட சண்டையிலிருந்து பிறந்தது. கின்னி ஒரு காபி மேசையைத் தூக்கி கேன்ட்ரெல் தலையில் உடைத்தாராம். 'டவுன் இன் எ ஹோல்' காதல் பாட்டு. கேன்ட்ரெல் தன் காதலிக்காக எழுதியது, இது நம் குழுவுக்கு ரொம்ப மென்மையோ என்று தயங்கித்தான் மற்றவர்களிடம் காட்டினார். லேனின் குரலில் கேட்டவர்கள் எல்லாம் அதையும் போதைக் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

அந்த நடு வரிசையிலும் ஒரு நகர்வு இருக்கிறது. 'ஜங்க்ஹெட்'டில் பாடுகிறவன் திமிராக நிற்கிறான், உனக்கெல்லாம் என்ன தெரியும் என்று நம்மைக் கேட்கிறான். 'ஹேட் டு ஃபீல்' வரும்போது அந்தத் திமிர் கழன்றுவிட்டது. 'ஆங்ரி சேர்'இல் ஒரு நாற்காலியும் சுவரும் மட்டும் மிச்சம். கடைசியாகச் சொன்ன இரண்டும் லேன் தனியாக எழுதியவை, அவரே கிட்டாரும் வாசித்திருக்கிறார். 'ஜங்க்ஹெட்'டை மட்டும் தனியாக எடுத்து ஓடவிடுகிறவர்கள்தான் இந்த ஆல்பத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

'ரூஸ்டர்' ஏன் இத்தனை பேருக்குப் பிடிக்கிறது? எனக்கு நீளமாகத்தான் தெரிகிறது.

நீளம்தான், ஆறு நிமிடத்துக்கு மேல். ஆனால் அந்த நேரம் பாட்டுக்கு வேண்டும்.

ரூஸ்டர் என்பது கேன்ட்ரெலின் அப்பாவுக்குச் சின்ன வயதில் வீட்டில் வைத்த செல்லப்பெயர். அவர் வியட்நாம் போரில் சண்டை போட்டுத் திரும்பியவர். திரும்பி வந்த பிறகு போரைப் பற்றி வாயே திறக்கவில்லை. குடும்பம் பிரிந்தது. மகன் அம்மாவோடு வளர்ந்தார், இருபத்தைந்து வயதுக்கு முன்பே அந்த அம்மாவையும் பறிகொடுத்தார். 1991இல் தங்க இடமில்லாமல் சவுண்ட்கார்டன் பாடகர் கிறிஸ் கார்னெல் வீட்டில் இருந்தபோது, அப்பாவின் மனசுக்குள் என்ன ஓடியிருக்கும் என்று கற்பனை செய்து எழுதினார் இந்தப் பாட்டை. அப்பாவோடு பேச முடியாததைப் பாட்டில் பேசியிருக்கிறார்.

பாட்டு தொடங்கும்போது குரல்கள் வார்த்தையில்லாமல் முனகும். கிட்டார் ஈரமாக, தயங்கித் தயங்கி வரும். காட்டுக்குள் குனிந்து நடக்கிற ஆளின் மூச்சு அளவுக்குத்தான் சத்தம். பல்லவியில் திடீரென்று எல்லாம் வெடிக்கும், மறுபடி அடங்கும். அந்த அடங்கல் இல்லாமல் வெடிப்புக்கு மதிப்பில்லை.

யார் பாடுகிறார் என்று பாருங்கள். அனுபவம் அப்பாவுடையது, வார்த்தை மகனுடையது, 'நான்' என்று பாடுகிற குரல் லேனுடையது. மூன்று பேர் ஒரே ஆளாக நிற்கிறார்கள். இதன் வீடியோவை மார்க் பெல்லிங்டன் இயக்கினார். அதில் அந்த அப்பாவே கேமரா முன் உட்கார்ந்து பேசுகிறார். கிடைத்தால் பாருங்கள், அப்புறம் நீளம் என்று சொல்ல மாட்டீர்கள்.

என் மகன் கல்லூரி இரண்டாம் ஆண்டு. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதைத்தான் கேட்கிறான். வரிகளைப் படித்துப் பார்த்தேன், பயமாக இருக்கிறது. நான் தடுக்கலாமா?

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. வரிகளை மட்டும் காகிதத்தில் படித்தால் யாருக்கும் வயிறு கலங்கும்.

ஆனால் இது போதையைக் கொண்டாடுகிற ஆல்பம் இல்லை. ரசிகர்கள் சிலர் தன்னிடம் வந்து, நாங்களும் போதையில் இருக்கிறோம் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியபோது, எது நடக்கக் கூடாது என்று நினைத்தேனோ அதுவே நடந்தது என்று லேன் பின்னாளில் ஒரு பேட்டியில் வருத்தப்பட்டிருக்கிறார். கேட்கிற பெரும்பாலான பிள்ளைகள் அந்தக் குரலில் தங்கள் சொந்த மனக்கஷ்டத்தைத்தான் கேட்கிறார்கள்.

பாட்டைப் பார்க்காதீர்கள், பையனைப் பாருங்கள். சாப்பாடு, தூக்கம், நண்பர்கள், படிப்பு, இவை பழையபடி இருந்தால் விட்டுவிடுங்கள். இதில் ஏதாவது மாறியிருந்தால் அவனிடம் பேசுங்கள், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அதற்கும் ஆல்பத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்பதில்லை. தடுத்தால் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்வான், அவ்வளவுதான். 'ரூஸ்டர்' என்ன கதை என்று அவனையே கேட்டுப் பாருங்களேன். கதவு தானாகத் திறக்கும்.

அட்டையில் பாதி புதைந்து கிடக்கும் பெண் லேனின் காதலியா?

இல்லை, அது வெறும் வதந்தி. படம் எடுத்தவர் ராக்கி ஷெங்க். படத்தில் இருப்பவர் மரியா ஓ'பிரையன் என்ற நடிகை.

பதிவு நடந்தபோது கலவரத்தில் மாட்டிக்கொண்டார்களாமே, உண்மையா?

உண்மை. 1992 ஏப்ரல் இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸில் வேலையைத் தொடங்கிய நேரத்தில்தான், ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்களை நீதிமன்றம் விடுவித்து ஊரே பற்றி எரிந்தது. குழுவினர் ஸ்லேயரின் பாடகர் டாம் அரயாவையும் அழைத்துக்கொண்டு ஜோஷுவா ட்ரீ பாலைவனப் பக்கம் போய்ச் சில நாட்கள் இருந்துவிட்டு, நிலைமை அடங்கியதும் திரும்பி வந்தார்கள். அதே அரயா ஆல்பத்திலும் தலைகாட்டுகிறார். 'ஹேட் டு ஃபீல்'க்கு முன்னால் ஒரு நிமிடம்கூட இல்லாத ஒரு கிறுக்குத் துண்டு வரும், அதில் அடித்தொண்டையில் கத்துவது அவர்தான். பழைய ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சப்பாத்தைக் கிண்டல் செய்கிற துண்டு. இவ்வளவு கனத்துக்கு நடுவில் இவர்கள் சிரிக்கவும் செய்தார்கள் என்பதற்கு அது ஒன்றே அத்தாட்சி.

குறையே இல்லாத ஆல்பமா?

யார் சொன்னது? 'காட் ஸ்மாக்' சரணத்தில் லேன் குரலை வேண்டுமென்றே நடுங்க வைத்துப் பாடுவது எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. சில நாள் தாண்டிக்கூடப் போயிருக்கிறேன், முழுசாகக் கேளுங்கள் என்று உங்களுக்கு உபதேசம் செய்துவிட்டு. 'சிக்மேன்' பலருக்குத் தலைவலி. எனக்கு அப்படியில்லை. எழுதியதிலேயே நோயாளித்தனமான, இருட்டான பாட்டாக ஒன்று வேண்டும் என்று லேன் கேட்டுத்தான் கேன்ட்ரெல் அதைப் போட்டுக் கொடுத்தார். தலைவலி வந்தால் பாட்டு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

தயாரிப்பாளர் டேவ் ஜெர்டனுக்கு இதில் எவ்வளவு பங்கு?

நிறைய. ஒரே ரிஃப்பைப் பல அடுக்காக வாசிக்க வைத்து, அடிக்கனம், நடு, மேல் என்று தனித்தனியாகச் சத்தம் பிடித்து ஒன்றாக்கினார். சின்ன போன் ஸ்பீக்கரில் கேட்டால் இதில் பாதி காணாமல் போகும்.

ஆல்பத்துக்குப் பிறகு குழு என்ன ஆனது?

சுருக்கமாகச் சொல்கிறேன். 'டர்ட்' அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் ஆறாம் இடம் வரை போனது, அமெரிக்காவில் பல லட்சம் பிரதிகள் விற்றது. 1993இல் மைக் ஸ்டார் விலக, பேஸ் வாசிக்க மைக் ஐனெஸ் வந்தார். லேனின் உடல்நிலையால் கச்சேரிகள் குறைந்துகொண்டே போயின. ஸ்டாரும் 2011இல் இறந்தார். பாடகர் வில்லியம் டுவாலைச் சேர்த்துக்கொண்டு 2009இல் குழு புது ஆல்பம் போட்டது, இன்னும் இயங்குகிறது. இப்போதைய குழுவைக் கேட்கவே மாட்டேன் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த இரட்டைக் குரலைக் கேன்ட்ரெல் விடவே இல்லை, இன்னொரு ஆளோடு சேர்ந்து பாடுகிறார், அவ்வளவுதான்.

'டர்ட்' முடித்துவிட்டேன். அடுத்து?

1994இல் வந்த 'ஜார் ஆஃப் ஃபிளைஸ்'. ஏழே பாட்டு, பெரும்பாலும் அக்கூஸ்டிக் கிட்டார். பில்போர்டில் வந்த வேகத்தில் முதலிடம் பிடித்த முதல் இ.பி. (முழு ஆல்பத்தைவிடச் சின்ன வெளியீடு) அது. அதற்கப்புறம் 1996இல் எம்.டி.வி.க்காக மின்கிட்டார் இல்லாமல் வாசித்த கச்சேரி. அதில் 'டவுன் இன் எ ஹோல்' வரும் இடத்துக்கு நேராகப் போகாதீர்கள். அதையும் முதலிலிருந்தே கேளுங்கள்.