பட்டறை கேள்வி பதில்: மெல்லிய ஷீட்டும் பிளாஸ்மா டார்ச்சும்

கேள்வி: அண்ணாச்சி, தக்கலைப் பக்கம் கேட், கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். ஆறு மாதம் முன்பு, கம்ப்யூட்டரே டார்ச்சை ஓட்டி, மின்பொறியில் கொதிக்கும் காற்றால் இரும்பை வெட்டும் சி.என்.சி. பிளாஸ்மா டேபிள் போட்டேன். 6 எம்.எம். பிளேட் அருமையாக வெட்டுகிறது. கேட்டுக்கு மயில் டிசைன் வெட்ட 1.2 எம்.எம். ஷீட்டை ஏற்றினால்தான் தொல்லை. அடியில் கசடு ஒட்டுகிறது, ஷீட் நெளிகிறது, தோகையில் நுணுக்கமான இடமெல்லாம் உருகிவிடுகிறது. கசடு வரும்போதெல்லாம் வேகத்தைக் குறைக்கிறேன், இன்னும் மோசமாகிறது. 45 ஆம்ப்ஸ்தான் வைக்கிறேன், பிளேட்டுக்குப் போடும் அதே நாசில் (டார்ச்சின் துளையுள்ள முனை). கிரைண்டர் பிடிக்கவே ஒரு ஆள் தேவைப்படுகிறது. என்ன செய்யலாம்?
வாசகர், தக்கலை

பதில்: வேகத்தைக் குறைப்பதை முதலில் நிறுத்துங்கள். கேஸ் கட்டிங்கில் பழகிய கைக்கு, சரியாக வெட்டவில்லை என்றால் மெதுவாகப் போகத்தான் தோன்றும், ஆனால் 1.2 எம்.எம். ஷீட்டில் டார்ச் நிற்கும் ஒவ்வொரு நொடியும் சூடு ஏறிக்கொண்டே இருக்கும், உருகியது கீழே தெறித்துப் போகாமல் விளிம்பிலேயே தொங்கி உறைந்துவிடும். கசடைத் தட்டிப் பாருங்கள். லேசாகத் தட்டியதும் கட்டி கட்டியாக உதிர்ந்தால் வேகம் போதவில்லை. உளி வைத்தாலும் போகாமல் நூல் மாதிரி மெல்லிசாக ஒட்டியிருந்தால் வேகம் கூடிவிட்டது. வெட்டிய விளிம்பிலும் தெரியும்: கோடுகள் கொஞ்சமாகப் பின்பக்கம் சாய்ந்திருந்தால் சரி, செங்குத்தாக நின்றால் மெதுவாகப் போயிருக்கிறீர்கள்.

சரி, வேகத்தைக் கூட்டினால் போதுமா? நேர்க்கோட்டில் போதும், மயில் தோகையில் போதாது. 45 ஆம்ப்ஸுக்கு இந்த ஷீட் கேட்கும் வேகம் நிமிடத்துக்குப் பல மீட்டர். அந்த வேகத்தை எட்டுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், மெஷின் தானாகவே மெதுவாகும். அதனால் ஆம்ப்ஸைக் குறையுங்கள், கூடவே நாசிலையும் மாற்றுங்கள். மெல்லிய ஷீட்டுக்கென்றே துளை சிறிதான ஃபைன் கட் நாசில் பல டார்ச்சுகளுக்குக் கிடைக்கிறது. பழைய நாசிலை வைத்துக்கொண்டு ஆம்ப்ஸை மட்டும் இறக்கினால் ஆர்க் (வெட்டும் மின்பொறி) தளர்ந்து பரவும். சின்ன நாசிலில் ஆம்ப்ஸை ஏற்றினால் நாசில் கருகிவிடும். இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். எந்தத் தடிமனுக்கு எந்த வேகம், எந்த உயரம் என்ற அட்டவணை உங்கள் மெஷின் புத்தகத்திலேயே இருக்கும், அதில் இருந்து தொடங்குங்கள்.

தோகை உருகுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், பலரும் இதைக் கவனிப்பதில்லை. உங்கள் டேபிளில் டார்ச் உயரத்தைப் பார்த்துக்கொள்ளும் டி.எச்.சி. இருக்கிறதல்லவா, அது ஆர்க் வோல்டேஜை வைத்துத்தான் உயரத்தைக் கணிக்கிறது. மூலையில் மெஷின் மெதுவாகும்போது வெட்டு அகலமாகி ஆர்க் நீளும், வோல்டேஜ் ஏறும். டார்ச் மேலே போய்விட்டது என்று நினைத்து டி.எச்.சி. அதைக் கீழே இறக்கும், நாசில் ஷீட்டில் இடிக்கும். எனவே மூலையிலும் சின்ன ஓட்டையிலும் டி.எச்.சி. நின்றுபோகும்படி செட்டிங் வையுங்கள்.

தொட்டுப் பார்த்து உயரம் எடுக்கும் டார்ச் என்றால் இன்னொன்று. மெல்லிய ஷீட் அந்த அழுத்தத்தில் கீழே அமுங்கிப் பிறகு துள்ளி எழும், நீங்கள் வைத்த உயரமே பொய்யாகிவிடும். ஓரங்களில் கனமான எதையாவது வைத்து, அடியில் இருக்கும் பட்டிகளையும் நெருக்கமாகப் போடுங்கள். நெளிவுக்கு, ஒரே மூலையில் எல்லாவற்றையும் வெட்டாமல் ஷீட்டின் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி வெட்டினாலே பாதி குறையும். ஷீட்டுக்கு அடியில் தண்ணீர் நிற்கும் டேபிள் என்றால் தண்ணீர் மட்டத்தை ஷீட்டுக்கு அருகில் கொண்டுவாருங்கள். உள் ஓட்டைகளை முதலில் இடஞ்சுழியாகவும், வெளி விளிம்பைக் கடைசியில் வலஞ்சுழியாகவும் வெட்டுங்கள், ஏனென்றால் பெரும்பாலான டார்ச்சுகளில் போகும் திசைக்கு வலப்பக்கம்தான் விளிம்பு நேராக வரும்.

அப்புறம் கம்ப்ரசரிலிருந்து டார்ச்சுக்குப் போகும் காற்று. நம் குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்கும் இரண்டுமே கொட்டும், அதோடு கடல் காற்றும் சேர்ந்தால் கம்ப்ரசர் டாங்கில் தினமும் தண்ணீர் சேரும். காலையில் வால்வைத் திறந்து வடித்துவிடுகிறீர்களா? ஃபில்டரைக் கம்ப்ரசரை ஒட்டியே மாட்டியிருந்தால் பயனில்லை, சூடான காற்றில் ஈரம் ஆவியாகவே தாண்டிப் போய்விடும். நீளமான பைப்பில் காற்று ஆறிய பிறகு, டார்ச் பக்கம் மாட்டுங்கள். ஆர்க் போடாமல் காற்றை மட்டும் ஒரு கண்ணாடியில் அடித்துப் பாருங்கள். துளித்துளியாகப் பனித்தால், நீங்கள் என்ன செட்டிங் வைத்தாலும் டார்ச்சுக்குள் ஆர்க் கிளம்பும் எலக்ட்ரோடு சீக்கிரம் போகும், விளிம்பு கரடுமுரடாகத்தான் வரும். நாசில் துளை வட்டமாக இல்லாமல் நீண்டிருந்தாலும் உடனே மாற்றிவிடுங்கள், வெட்டு ஒரு பக்கம் சாய்வதற்கு அதுவே போதும். எர்த் கிளாம்பைத் துருப்பிடித்த பட்டியில் மாட்டாமல் ஷீட்டிலேயே, சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: ஜி.ஐ. ஷீட் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) வெட்டிய அன்று ராத்திரி குளிரும் காய்ச்சலும் வருகிறது. பால் குடித்தால் சரியாகும் என்கிறார்கள், உண்மையா?
வாசகர், குளச்சல்

பதில்: பால் எதையும் தடுக்காது. துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் புகையைச் சுவாசித்ததால்தான் அந்தக் காய்ச்சல். சில மணி நேரம் கழித்து வரும், பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும், ஆனால் திரும்பத் திரும்ப வர விடக் கூடாது. புகையை டேபிளிலேயே உறிஞ்சி வெளியேற்ற எக்ஸாஸ்ட் வையுங்கள், உலோகப் புகைக்கான மாஸ்க் போடுங்கள், முகத்தில் துண்டு கட்டுவது போதாது. மூச்சு இரைத்தாலோ நெஞ்சு இறுகினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய், என்ன ஷீட் வெட்டினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.