கொரியா போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

தென்கொரியப் பயணம் பற்றித் தனித்தனியாகக் கேட்டவர்களுக்கெல்லாம் இங்கே சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஏழு நாள்தான் லீவு. சியோல், பூசன், ஜெஜு, சொராக்சான், நாமி தீவு எல்லாம் முடியுமா அக்கா?

முடியும் தம்பி, ஆனால் பாதி நேரம் பெட்டியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனில்தான் நிற்பீர்கள். இந்தத் தடவை ஜெஜுவை விட்டுவிடுங்கள். ஹல்லாசான் மலையும் எரிமலைக் கடற்கரையும் அவசரமாகப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை. சியோலில் மூன்று நாள், கியோங்ஜுவில் இரண்டு, பூசனில் இரண்டு. சியோலிலிருந்து கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் கியோங்ஜு சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து பூசன் பக்கம்தான்.

உங்கள் பட்டியலில் கியோங்ஜு இல்லவே இல்லை பாருங்கள், நம்மவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஊர் அது. கிட்டத்தட்ட ஆயிரம் வருடம் பழைய சில்லா அரசின் தலைநகரம். ஊர் நடுவிலேயே புல் மூடிய குன்றுகள் நிற்கும். ராஜாக்களின் சமாதிகள். அவற்றில் சொன்மாசொங் என்பதற்கு உள்ளேயே போகலாம். மர அறை கட்டி, அதன்மேல் ஆற்றுக்கல்லை மலையாகக் குவித்து, அதற்கும்மேல் மண் போட்டிருக்கிறார்கள். வாசலே கிடையாது. தோண்டப் போனால் கல் சரிந்து தலையில் விழும், அதனால் திருடனால் நெருங்க முடியவில்லை. 1973இல் அகழ்ந்தபோது தங்கக் கிரீடம் அப்படியே கிடைத்தது. சாயங்காலம் இருட்டிய பிறகு வொல்ஜி குளத்துக்குப் போங்கள். கூட்டம் இருக்கும், இருந்தாலும் போங்கள்.

கியோங்ஜுவில் புல்குக்சா கோயிலுக்குப் போகிறவர்கள் மேலே சொக்குராம் குகைக்கும் போவார்கள். கருங்கல் புத்தர், எட்டாம் நூற்றாண்டு வேலை, அழகு சொல்லி மாளாது. ஆனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும், போட்டோவும் கூடாது. தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

கேள்வி: சியோலில் ஒரே ஒரு அரண்மனைதான் பார்க்க நேரம். எது?

எல்லோரும் கியோங்போக்குங் என்பார்கள். நான் சாங்டொக்குங் என்பேன். கியோங்போக்குங் 1395இல் கட்டியது, 1592 ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்தது, 1867 வரை பாழாய்க் கிடந்தது. மறுபடி கட்டியதையும் ஜப்பானிய ஆட்சியில் பெரும்பாலும் இடித்துவிட்டார்கள். இன்று நாம் பார்ப்பதில் நிறைய அண்மைக்கால வேலை. சாங்டொக்குங்கில் நிலத்தின் மேடு பள்ளத்தை அப்படியே விட்டு, அதற்கேற்பக் கட்டடங்களை வைத்திருக்கிறார்கள். பின்னால் உள்ள ஹுவொன் தோட்டத்துக்குத் தனி டிக்கெட். சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். சாங்டொக்குங்குக்குத் திங்கள் விடுமுறை, கியோங்போக்குங்குக்குச் செவ்வாய். ஹன்போக் என்ற கொரியப் பாரம்பரிய உடையை வாடகைக்கு எடுத்து உடுத்திப் போனால் இரண்டிலும் நுழைவு இலவசம்.

பக்கத்தில் புக்சொன் ஓட்டுவீட்டுத் தெருவில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். கூட்டம் அதிகம் சேரும் பகுதியில் காலை 10 முதல் மாலை 5 வரைதான் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி, மீறினால் அபராதம். விடியற்காலையில் போய் அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் ரீல்ஸ் எடுக்கும் திட்டமிருந்தால் கைவிடுங்கள்.

கேள்வி: அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறேன். அப்பா முட்டைகூடத் தொடமாட்டார். சாப்பாட்டுக்கு என்னம்மா வழி?

இதுதான் நிஜமான கஷ்டம். காய்கறிச் சூப்பாகத் தெரிவதில்கூட அடியில் நெத்திலிக் கருவாடு கொதித்திருக்கும். கிம்ச்சி என்ற அவர்கள் ஊறுகாயில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ உண்டு. 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கும். இறைச்சி, மீன், இறால், முட்டை, நெத்திலிச் சாறு எதுவும் கூடாது என்று கொரிய மொழியில் எழுதி ஃபோனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

அப்பாவுக்குப் பிடிக்கப்போவது கோயில் சாப்பாடு. புத்த மடங்களின் சமையலில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, பூண்டு, வெங்காயமும் சேர்க்கமாட்டார்கள். சியோலில் இதற்கென்றே உணவகங்கள் இருக்கின்றன, விலைதான் கொஞ்சம் அதிகம். மடத்தில் ஓரிரவு தங்கும் ஏற்பாடும் உண்டு, 2002 உலகக் கோப்பைக் கால்பந்து சமயத்தில் தொடங்கியது. ஹெயின்சா மடத்தில் தங்கினால் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மர அச்சுப் பலகைகளில் செதுக்கிய பௌத்த நூல்தொகுதியை வைத்திருக்கும் கட்டடத்தையும் பார்க்கலாம். 13ஆம் நூற்றாண்டுப் பலகைகள் இன்னும் செல்லரிக்காமல் இருக்க முக்கியமான ஒரு காரணம் அந்தக் கட்டடத்தின் சன்னல்கள்: முன்சுவரில் கீழ்ச் சன்னல் பெரிது, பின்சுவரில் மேல்ச் சன்னல் பெரிது. காற்று உள்ளே சுழன்று வெளியேறும்.

மற்ற வேளைகளுக்கு, எந்தத் தெருமுனைக் கடையிலும் மைக்ரோவேவில் சுடவைக்கும் சாதக் கிண்ணம் கிடைக்கும். நல்லெண்ணெய் அவர்கள் சமையலிலேயே உண்டு. வீட்டிலிருந்து பருப்புப்பொடி மட்டும் எடுத்துப்போங்கள்.

கேள்வி: தமிழ் இளவரசி செம்பவளம் கொரியாவின் ராணியானது உண்மையா? அந்த இடம் எங்கே?

இடம் கிம்ஹே, பூசனிலிருந்து இலகு ரயிலிலேயே போகலாம். கி.பி. 48இல் 'அயுதா' நாட்டிலிருந்து கப்பலில் வந்த ஹோ ஹ்வாங்-ஒக் என்ற இளவரசி அங்கிருந்த காயா நாட்டு அரசன் சுரோவை மணந்தாள் என்பது சம்குக் யூசா என்ற பழைய கொரிய நூலில் வரும் செய்தி. நூல் தொகுக்கப்பட்டதோ 13ஆம் நூற்றாண்டில். அயுதா அயோத்திதான் என்று ஒரு தரப்பு. அயோத்தியில் நினைவுச் சின்னமே எழுப்பிவிட்டார்கள். கன்னியாகுமரிப் பக்கத்து ஆய் நாடு என்று நம்மில் ஒரு தரப்பு. என்னைக் கேட்டால் இரண்டுமே நிரூபணமாகவில்லை. வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் போய்ப் பாருங்கள். ராணியின் சமாதிக்குப் பக்கத்தில் அவள் கடலை அடக்கக் கொண்டுவந்ததாகச் சொல்லும் கல் அடுக்கு இருக்கிறது. சுரோ சமாதி வாசலில் எதிரெதிரே இரண்டு மீன்கள். பாண்டியனை நினைக்காமல் தமிழனால் அங்கே நிற்க முடியாது, அது வேறு விஷயம்! அந்த ராஜா ராணி வழி வந்ததாகச் சொல்லும் கிம்ஹே கிம், கிம்ஹே ஹோ குலத்தார் நம் பங்காளிகளைப் போலத் தங்களுக்குள் பெண் எடுக்காத வழக்கம் வைத்திருந்தார்கள்.

கேள்வி: மே மாதம் பள்ளி விடுமுறையில் போகலாமா?

தாராளமாக. செர்ரிப் பூ ஏப்ரலோடு முடிந்திருக்கும், வெயில் இதமாக இருக்கும். புத்தர் பிறந்தநாள் பெரும்பாலும் மே மாதத்தில்தான் வரும்; கோயில்களில் காகித விளக்குகள் தொங்கும். ஜூன் கடைசியிலிருந்து மழைக்காலம், வேண்டாம். இலை சிவக்கும் மலை பார்க்க ஆசையென்றால் அக்டோபரில் சொராக்சான். சுசொக் என்ற அறுவடைப் பண்டிகை வாரத்தில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள், ரயில் டிக்கெட் கிடைக்காது.

கேள்வி: கூகுள் மேப் போதுமா?

போதாது. நேவர் மேப் இறக்கிக்கொள்ளுங்கள். பஸ், மெட்ரோவுக்கு டி-மணி அட்டை.

கேள்வி: வடகொரிய எல்லைக்கு வயதானவர்கள் போகலாமா?

டூர் வண்டியில் போகலாம், அசல் பாஸ்போர்ட் கையில் வேண்டும். டோரா மேட்டிலிருந்து பைனாகுலரில் அந்தப் பக்கம் தெரியும். 1978இல் கண்டுபிடித்த மூன்றாம் சுரங்கம்தான் யோசிக்க வேண்டியது: ஹெல்மெட் மாட்டிக்கொண்டு செங்குத்தான சரிவில் இறங்கி, உள்ளே குனிந்து நடந்து, திரும்ப அதே சரிவில் ஏற வேண்டும். முட்டி வலி இருப்பவர்கள் மேலேயே உட்கார்ந்திருக்கட்டும்.