தலை கீழே வந்தால் மட்டும் போதுமா? வயிற்றில் பிள்ளை கிடக்கும் நிலை பற்றிக் கேள்வி பதில்

உப்புவெளி: அக்கா, 30 கிழமை. ஸ்கேனில பிரீச் எண்டு இருக்கு. மாமி பயப்படுறா. சிசேரியன்தானா?

இப்போதே முடிவு கட்டத் தேவையில்லை. 28 கிழமையளவில் ஐந்தில் ஒரு பிள்ளையாவது பிரீச்சாக, அதாவது தலை மேலும் குண்டி கீழுமாகத்தான் கிடக்கும். மாதம் நிறையும்போது நூற்றுக்கு மூன்று நாலுதான் அப்படி மிஞ்சும். 36ஆம் கிழமை கிளினிக்கைத் தவறவிடாதீர்கள்.

கிண்ணியா: அக்கா, 37 கிழமையாகியும் திரும்பல்ல. உம்மா எண்ணெய் தடவித் திருப்பலாம் எண்டு சொல்றா.

உம்மா கோபித்தாலும் பரவாயில்லை, தடவித் திருப்ப விடாதீர்கள். அமுக்கும்போது நச்சுக்கொடி கழன்று இரத்தம் போகலாம். பிள்ளையின் துடிப்பைப் பார்க்க வீட்டில் ஆளில்லை. ஆசுபத்திரியில் டொக்டர் வெளியால் திருப்புவது வேறு விசயம். முதலில் ஸ்கேன், துடிப்புப் பதிவு. கருப்பை இளக ஊசி போடுவதும் உண்டு. பிறகு பிள்ளையின் குண்டியை இடுப்பெலும்பிலிருந்து மேலே கிளப்பி, குட்டிக்கரணம் போடுவதுபோல் தள்ளுவார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சரிவரும், தலைப்பிள்ளைக்குச் சற்றுக் குறைவு. உங்கள் இரத்த வகை நெகட்டிவ் (Rh நெகட்டிவ்) என்றால் அதற்கான ஆன்டி-டி ஊசியைக் கேட்டுப் போடுங்கள். நச்சுக்கொடி கருப்பை வாசலை மறைத்திருந்தால் திருப்பவே மாட்டார்கள்.

சாம்பல்தீவு: தலை கீழதான், ஆனா 'ஓபி' எண்டு சொன்னவை. அதில என்ன பிழை?

பிள்ளையின் பிடரி உங்கள் முதுகுப் பக்கம், முகம் வயிற்றுப் பக்கம். பிழையென்று இல்லை, ஆனால் சென்டிமீற்றர் கணக்கு மாறும். நாடி நெஞ்சில் முட்டக் குனிந்து வரும் தலை வழியில் காட்டும் அகலம் 9.5 சென்டிமீற்றர். ஓபி பிள்ளை பலவேளை நன்றாகக் குனியாது, அப்போது 11.5. நெற்றியே முன்னால் வந்தால் 13.5, நிறைமாதப் பிள்ளை அந்த நிலையில் பிறக்க வழியில்லை. 2 சென்டிமீற்றர் அற்பமாகத் தெரியும், பிரசவ அறையில் அது மணித்தியாலக் கணக்கு.

வலி நாரியில் பிடிக்கும். கருப்பை வாய் முழுக்கத் திறக்குமுன்பே முக்கச் சொல்லும். அப்போது முக்கினால் கருப்பை வாய் வீங்கிப் பிரசவம் இன்னும் இழுபடும். நாலுகாலில் நிற்பதும், கூடவிருப்பவர் உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் நாரியை அழுத்துவதும் வலிக்கு உதவும். கடைசி மாதத்தில் நாலுகாலில் தவழ்ந்தால் பிள்ளை திரும்பிவிடும் என்பதற்கு உறுதியில்லை. பெரும்பாலானவை வலியோடு தாமாகவே சுற்றி வந்துவிடும்.

வெருகல்: நாலாவது பிள்ளை, 38 கிழமை. ஒருநாள் குறுக்கால, ஒருநாள் நேரால கிடக்கு.

இதைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். வயிற்றுத் தசை தளர்ந்தால் இப்படி வரும். வாசலை அடைக்கத் தலை இல்லாததால், தண்ணீர்க்குடம் உடைந்தால் தொப்புள்கொடி வழுகி வெளியே வரலாம். நீங்கள் இருக்கும் தூரத்துக்கு வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது; முன்கூட்டியே வாட்டில் தங்குவது பற்றி இந்தக் கிழமையே கேளுங்கள்.

கொடி வந்துவிட்டால் அதைத் தொடவோ உள்ளே தள்ளவோ வேண்டாம். முழங்காலும் நெஞ்சும் நிலத்தில் பட, குண்டியை உயர்த்திக் குப்புறக் கிடவுங்கள். 1990 அம்புலன்சுக்கு அடித்து "கொடி வெளியே" என்று சொல்லுங்கள். வண்டியில் இடப்பக்கம் சரிந்து, இடுப்புக்குக் கீழே தலையணை.

நிலாவெளி: கிளினிக் அட்டையில 4/5 எண்டு எழுதியிருக்கு. நல்லதா?

தலையின் ஐந்து பங்கில் நாலு இன்னும் வயிற்றில் கைக்குப் படுகிறது என்று அர்த்தம். 2/5 வந்தால் இறங்கிவிட்டது. இரண்டாம் பிள்ளையென்றால் வலி தொடங்கிய பிறகே இறங்குவதும் வழமைதான்.