மூன்று மணிக்கு இமை இறங்கினால்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 29 வயது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை. எட்டு மாதத்துக்கு முன் மயஸ்தீனியா கிரேவிஸ் (தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும் நோய்) என்று கண்டுபிடித்தார்கள். காலையில் நன்றாக இருப்பேன். பின்னேரம் மூன்று மணியானால் இடது இமை இறங்கிவிடும். கூட்டத்தில் நீளக் கதைத்தால் குரல் மூக்கால் வரும். "இரவு நித்திரை இல்லையா?" என்று மனேஜர் இரண்டு தரம் கேட்டுவிட்டார். அவரிடம் சொல்லவா? சம்பந்தம் பேசுகிற நேரம், வாயைத் திறக்காதே என்கிறார் அம்மா.
- வெள்ளவத்தை வாசகி

பதில்: சொல்லுங்கள் தங்கச்சி. ஆனால் நோயின் பெயரில் தொடங்காதீர்கள்.

எனக்கு இதே நோய் வந்து 22 வருடம். அப்போது புறக்கோட்டையில் ஓர் இறக்குமதிக் கம்பனியில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். காலையில் பெயரைச் சொன்னேன். பத்து மணிக்கு அது "என்னவோ நரம்பு வியாதியாம்" ஆனது, மத்தியானச் சாப்பாட்டுக்குள் "மூளையில் ஏதோ" ஆகிவிட்டது. ஒருத்தி என் தேத்தண்ணிக் கோப்பையைத் தனியாக எடுத்து வைத்தாள். இது தொற்றாது என்று விளங்கப்படுத்தப் போனால், பாதியிலேயே என் குரல் போய்விட்டது!

நோயின் பெயர் கந்தோரில் யாருக்கும் விளங்காது. மணிக்கூடு எல்லாருக்கும் விளங்கும். கிருமியோடு சண்டை பிடிக்க நம் உடம்பே உண்டாக்குகிற பிறபொருளெதிரி, தவறிப்போய் நரம்பு சொல்வதைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை மறித்துவிடுகிறது. அதனால்தான் தசை பாவிக்கப் பாவிக்கக் களைக்கிறது, ஓய்வு கொடுத்தால் திரும்புகிறது. 1934இல் லண்டன் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்றொரு டொக்டர், இது தசைகளை முடக்கும் கியூரேர் விஷம் ஏறினவர்களின் தளர்ச்சி மாதிரியே இருக்கிறதே என்று யோசித்து, அந்த விஷத்துக்கு மாற்றான பைசோஸ்டிக்மினை ஒரு நோயாளிக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார். விழுந்திருந்த இமை எழும்பியது. சில மணித்தியாலத்தில் திரும்ப விழுந்தது. நீங்கள் விழுங்கும் பைரிடோஸ்டிக்மின் அதே குடும்பத்து மருந்துதான். அரை மணி, முக்கால் மணியில் பிடிக்கத் தொடங்கும், மூன்று நான்கு மணித்தியாலத்தில் இறங்கும். உங்கள் வேலைநாள் அந்தக் குளிசைகளுக்கு நடுவில்தான் கிடக்கிறது.

ஆகவே இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: குளிசை எத்தனை மணிக்கு, இமை எத்தனை மணிக்கு, அந்த நேரம் என்ன வேலை. பிறகு மனேஜரிடம் போய், "சேர், எனக்கு ஒரு தசை நோய் இருக்கிறது, மருந்தில் இருக்கிறேன். கதைக்கிற வேலையைப் பத்து மணிக்கு வைத்தால் முழுதாகச் செய்வேன். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்" என்று கேளுங்கள். அனுதாபம் கேட்டால் அனுதாபம் மட்டும்தான் கிடைக்கும். நேரம் கேட்டால் அவர் ஆம், இல்லை என்று ஏதோ ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

எட்டு மணிக்கு வந்து நாலு மணிக்குப் போக விட்டால் இன்னும் நல்லது. நெரிசலில் 100ஆம் இலக்க பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனால், கொள்ளுப்பிட்டியில் இறங்கும்போதே கையில் அன்றைய பலம் பாதி தீர்ந்திருக்கும். சூடும் நமக்கு ஆகாது. ஏப்ரல், மே மாதங்களில் ஏசி பக்கம் ஒரு கதிரை கேட்பது செல்லம் இல்லை. இவற்றையெல்லாம் கிளினிக் டொக்டரிடம் நாலு வரிக் கடிதமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் நீளும் போலிருக்கிறது என்று நீங்களாக இன்னொரு குளிசை போடாதீர்கள். அளவு கூடினாலும் தசை தளரும். சிப்ரொஃப்ளொக்சசின், அசித்ரோமைசின் போன்ற சில அன்டிபயோட்டிக் மருந்துகள் நம் நோயைக் கிளப்பிவிடும். இருமலுக்குச் சந்தி டொக்டரிடம் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள் (பெயர் உதவுகிற இடம் இதுதான்). பக்கத்து மேசைக்காரி ஒருத்திக்கு மட்டும் ஒன்று தெரிந்திருக்கட்டும்: மூச்சு முட்டினால், எச்சில் விழுங்க முடியாமல் போனால், உடனே ஆஸ்பத்திரி.

அம்மாவின் பயம் வேறு. கலியாணப் பேச்சில் மறைப்பதற்கு நான் ஆதரவில்லை. ஆனால் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், தரகர் இல்லை.

கேள்வி: எனக்கும் அரிய வகை நோய் ஒன்று. வருடம் முடிய இன்னும் நாலு மாதம், லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது. "நீங்களாகவே ராஜினாமா எழுதித் தாருங்கள், நல்ல சான்றிதழ் தருகிறோம்" என்கிறார்கள். எங்கள் கம்பனியில் 40 பேர். ஆறு வருடம் வேலை செய்கிறேன்.
- தெஹிவளை வாசகர்

பதில்: எழுதாதீர்கள் தம்பி. 2006இல் நான் எழுதினேன். பேனாவைக்கூட அவர்களே தந்தார்கள். சான்றிதழும் நல்லதாகத்தான் இருந்தது.

1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமய லீவு. சுகவீனமும் அந்த ஏழுக்குள்தான், நீண்ட நோய்க்காரனுக்கு அது போதாது. உங்கள் நியமனக் கடிதத்தில் மேலதிகமாக ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் லீவு தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது என்று அர்த்தம் இல்லை. 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால், அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். இது 1971ஆம் ஆண்டுச் சட்டம். உங்களிடம் கேட்கிற கடிதம் எதற்கென்று இப்போது விளங்குகிறதா?

"யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் கேட்டதை அன்றைக்கே திகதி போட்டு மின்னஞ்சலில் அவர்களுக்கே எழுதிவிடுங்கள். நீங்கள் ராஜினாமா எழுதாமலே அவர்கள் நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். வரிசை நீளம். கதிரை கிடைக்கிற மாதிரி காலையிலேயே போங்கள். லீவு போடாமல் அறிவிக்காமல் நிற்பது மட்டும் வேண்டாம், அதை ஒழுக்காற்றுக் காரணமாக ஆக்கிவிடுவார்கள்.

கேள்வி: என் மனைவிக்கும் மயஸ்தீனியா. கந்தோரால் ஆறரைக்கு வந்து நேரே குசினிக்குள் போகிறாள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. நான் எப்படி உதவலாம்?
- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: "வேண்டாம்" என்று சொன்னால் இரவுச் சாப்பாடு வந்துவிடுமா? அவர் வருவதற்கு முன் நீங்கள் தேங்காய் திருவி வையுங்கள். இந்த நோய்க்காரிக்கு அதைவிடப் பெரிய எதிரி குசினியில் இல்லை. இறைச்சியை நன்றாக அவியவிடுங்கள், பின்னேரத்தில் எங்கள் தாடைக்குச் சப்ப ஏலாது. ரொட்டியும் வேண்டாம். இடியப்பம் கடையில் வாங்கலாம், சொதி மட்டும் நீங்கள் வைத்தால் போதும்.