கோளாறு வந்த விமானத்தை உடனே இறக்காமல் ஏன் சுற்ற விடுகிறார்கள்?

மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய விமானம் கோளாறு என்று அறிவித்துவிட்டு, கடலுக்கு மேலே வட்டமடித்த பிறகே திரும்பியது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான்.

முதல் காரணம் எடை. ஏர்பஸ் ஏ320 நியோ சுமார் 79 டன்னோடு கிளம்பலாம். இறங்கும்போது வரம்பு சுமார் 67 டன். இந்த ரகத்தில் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடும் வசதி கிடையாது. பறந்துதான் எரித்துத் தீர்க்க வேண்டும்.

இரண்டாவது, காக்பிட்டில் நடக்கும் வேலை. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். எச்சரிக்கை மணி அடித்ததும் ஒரு பைலட் விமானத்தை ஓட்டுவதை மட்டும் பார்ப்பார். மற்றவர் செக்லிஸ்ட்டை வரிவரியாக வாசித்துச் செய்வார். எஞ்சினை அணைக்க வேண்டுமென்றால், சுவிட்சில் கை வைத்து "ஒன்றாம் எஞ்சின், சரிதானா?" என்று கேட்பார். ஓட்டுபவர் கண்ணால் பார்த்து "சரி" என்ற பிறகே கை நகரும். 2015-ல் தைபேயில் ட்ரான்ஸ்ஏசியா விமானம் ஆற்றில் விழுந்து 43 பேர் இறந்தார்கள். பழுதானதை விட்டுவிட்டு, நன்றாக ஓடிய எஞ்சினை அவசரத்தில் அணைத்துவிட்டார்கள். நிதானம் அவ்வளவு அவசியம்.

அணையாத தீயோ புகையோ என்றால் கதையே வேறு. எடை கூடுதலாக இருந்தாலும் சுற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள், நேராக ரன்வேதான்.