நோட்புக் தெளிவாகத் தெரிய புது மானிட்டர் வாங்க வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூர் அரசு பயிற்சிக்குத் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டை வைத்து டேட்டா வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். வீட்டில் 14 அங்குல மடிக்கணினிதான். நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோடில் ஜூப்பிட்டர் நோட்புக்கை (நிரலும் அதன் அவுட்புட்டும் ஒன்றாக இருக்கும் கோப்பு) திறந்தால் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது. அட்டவணையின் நடுப் பத்திகள் மறைந்து மூன்று புள்ளிதான் தெரிகிறது. அவுட்புட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கடைக்காரர், 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். 600 வெள்ளி ஆகும். வாங்கலாமா?
- வாசகி, ஈசூன்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். அந்த மானிட்டரை வீட்டுக்குக் கொண்டு வந்தாலும் அந்த மூன்று புள்ளி அங்கேயும் அப்படியே நிற்கும்.

ஏனென்றால் பத்திகளை மறைப்பது பாண்டாஸ், அதாவது அட்டவணைகளைக் கையாளும் பைத்தான் நூலகம். நோட்புக்கில் 20 பத்திக்கு மேல் போனால் நடுவில் இருப்பதை அது சுருக்கிவிடும். 60 வரிசையைத் தாண்டினால் முதல் ஐந்தும் கடைசி ஐந்தும்தான் காட்டும். திரை எவ்வளவு அகலம் என்று அது பார்ப்பதில்லை. முதல் செல்லிலேயே (நிரல் எழுதும் பெட்டி) 'செட் ஆப்ஷன்' கட்டளையைப் போட்டு, 'டிஸ்பிளே மேக்ஸ் காலம்ஸ்' என்பதற்கு 'நன்' (None) என்று கொடுங்கள். எல்லாப் பத்தியும் வந்துவிடும், பக்கவாட்டில் நகர்த்திப் பார்க்கலாம். வரிசைக்கு மட்டும் இப்படிச் செய்ய வேண்டாம். லட்சம் வரிசை உள்ள கோப்பு என்றால் நோட்புக் திணறிவிடும்.

அடுத்து எழுத்து. விஎஸ் கோடில் கன்ட்ரோலையும் காற்புள்ளியையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். விண்டோஸில் 'எடிட்டர் ஃபான்ட் சைஸ்' 14 என்று இருக்கும். அதை 17 ஆக்குங்கள். நோட்புக்கில் அவுட்புட்டுக்கும் மார்க்டவுனுக்கும் (நிரலுக்கு இடையே எழுதும் விளக்கக் குறிப்பு) தனித்தனி அளவு உண்டு என்றாலும், அவை பூஜ்யத்தில் இருக்கும்வரை எடிட்டரின் அளவையே பின்பற்றும். அவுட்புட் அதே அளவில் வரும், மார்க்டவுன் அதில் 120 சதவீதம்.

அவுட்புட் பாதியில் நிற்பதற்குக் காரணம் விஎஸ் கோடின் 30 வரி வரம்பு. அதை 500 என்று ஏற்றுகிறவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது. அடுத்த செல்லைத் தேடுவதற்குள் கை வலித்துவிடும். அதே செட்டிங்ஸில் 'நோட்புக் அவுட்புட் ஸ்க்ரோலிங்' என்பதை டிக் செய்யுங்கள். நீளமான அவுட்புட் ஒரு பெட்டிக்குள் அடங்கி, அங்கேயே உருளும். நீண்ட வரிகள் வலப்பக்கம் ஓடினால் பக்கத்திலேயே உள்ள 'வேர்ட் ராப்' உதவும்.

அப்புறம், கன்ட்ரோலும் பி-யும் அழுத்தினால் இடப்பக்கப் பட்டை மறையும். 14 அங்குலத்தில் அது பெரிய இடம். ஆசிரியர் “12-ஆம் வரியைப் பாருங்கள்” என்றால் எஸ்கேப் தட்டி, ஷிஃப்டும் எல்-லும் அழுத்துங்கள். எல்லாச் செல்லுக்கும் வரி எண் வரும்.

இதற்கெல்லாம் ஒரு காசு செலவில்லை. விஎஸ் கோடும் இலவசம், ஜூப்பிட்டர் எக்ஸ்டென்ஷனும் இலவசம்.

சில வாரம் இப்படி வேலை செய்து பாருங்கள். கழுத்து வலிக்கிறது, வீடியோவையும் நோட்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும் என்றால் மானிட்டர் நியாயமான செலவுதான். ஆனால் 27 அங்குலத்தில் 4கே அவசியமில்லை. எழுத்து படிக்கும்படி இருக்க 150 சதவீதம் பெரிதாக்க வேண்டியிருக்கும். அப்போது கிடைக்கும் இடம், 4கேயை விடக் குறைந்த துல்லியமுள்ள 1440பி மானிட்டர் தரும் அதே இடம். எழுத்தின் கூர்மை மட்டும் 4கேயில் கூடுதல். உங்கள் மடிக்கணினியில் மானிட்டரை இணைக்கும் துளை பழைய எச்டிஎம்ஐ 1.4 ஆக இருந்தால் 4கே 30 ஹெர்ட்ஸில்தான் (நொடிக்கு 30 படம்) ஓடும், மவுஸ் இழுத்து இழுத்து நகரும். இதைக் கடைக்குப் போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் ஒட்டியிருக்கும் விலையில் 9 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்க வேண்டும். 2012 முதல் இங்கே, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் இருக்கிறது. 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போது அது இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். ஆனால் “எனக்கு உதவவில்லை” என்பதற்காகத் திருப்பிக் கொடுக்க அந்தச் சட்டம் இடம் தராது. திருப்பி வாங்கிக்கொள்வோம் என்று கடைக்காரர் வாயால் சொன்னால், அதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.