கசிந்த படத்தை நம்பி முன்பணம் கட்டலாமா?

கேள்வி: என் காருக்கு ஐந்து வயதாகிறது. வேகமான கார் ஒன்று வாங்கவேண்டும் என்பது வெகுநாள் ஆசை. அடுத்த ஆண்டு வரப்போகிற மாடலில் 2 லிட்டர் டர்போ இன்ஜின், 500 குதிரைத்திறன், மேனுவல் கியர் என்று பேசிக்கொள்கிறார்கள். சோதனை வண்டியின் படங்களும் வந்துவிட்டன. டீலர் இப்போதே முன்பணம் கட்டச் சொல்கிறார். கட்டலாமா, அல்லது இப்போது விற்பனையில் இருக்கும் மாடலையே வாங்கிவிடட்டுமா?

பதில்: முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். விலையையும் தேதியையும் கம்பெனியே அறிவிக்காத வண்டிக்கு டீலர் வாங்கும் முன்பணம், அவருடைய நோட்டில் உங்கள் பெயரை எழுதிவைப்பதற்கான கூலி, அவ்வளவுதான். எப்போது கேட்டாலும் முழுத்தொகையும் திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் கொடுத்தால் சிறு தொகை கட்டுங்கள். "வாய்வார்த்தை போதாதா சார்?" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கம்பெனியே மேடையேறிச் சொன்ன தேதிகூடத் தள்ளிப்போகும். டெஸ்லா தன் இரண்டாம் தலைமுறை ரோட்ஸ்டரை 2017 நவம்பரில் காட்டி, 2020இல் தருவதாகச் சொன்னது. முன்பதிவுக்கு 50,000 டாலர். 2025 முடிந்தபோதும் ஒரு வண்டிகூட வாடிக்கையாளர் கைக்குப் போகவில்லை. மெர்சிடீஸ்-ஏஎம்ஜி ஒன் காரை 2017இல் காட்டினார்கள். ஃபார்முலா 1 இன்ஜினைப் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குள் அடக்கி, உற்பத்தியைத் தொடங்கும்போது 2022 ஆகிவிட்டது. அறிவித்த வண்டிகளே இப்படி என்றால், அறிவிக்காத வண்டிக்கு "அடுத்த ஆண்டு" என்பது வெறும் ஆசைதான்.

சரி, நீங்கள் கேள்விப்பட்ட எண்களுக்கு வருவோம். 2 லிட்டரில் 500 முடியாததா? முடியாதது இல்லை, ஆனால் எல்லையை ஒட்டியது. 2019இல் வந்த ஏஎம்ஜி ஏ45 எஸ் காரின் 2 லிட்டர் இன்ஜின் 421 பிஎஸ் (மெட்ரிக் கணக்குக் குதிரைத்திறன்) தந்தது. அதே குடும்பத்து இன்ஜினில், டர்போவுக்குள் மின்மோட்டாரும் வைத்து, சி63 காருக்காக 476 வரை கொண்டுபோனார்கள். அதற்குமேல் போகவேண்டுமென்றால் ஹைபிரிட் மோட்டாரின், அதாவது இன்ஜினுக்குத் துணையாக வண்டியை ஓட்டும் மின்மோட்டாரின், பலத்தையும் கூட்டித்தான் சொல்வார்கள். 500 என்பது உண்மையாக இருந்தாலும், அது இன்ஜின் மட்டும் தரும் 500 ஆக இருக்காது என்பதே என் கணிப்பு. அப்படியானால் பேட்டரி வரும், எடை கூடும், வளைவில் திரும்பும் சுகம் மாறும்.

மேனுவல் கியர்தான் இன்னும் சந்தேகமானது. ஆறு கியர் மேனுவல் பெட்டி தாங்கும் முறுக்குவிசைக்கு (இன்ஜின் திருப்பும் பலம், நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள்) ஒரு வரம்பு உண்டு. பிஎம்டபிள்யூ எம்3 ஜி80 வரிசையைப் பாருங்கள்: மேனுவல் உள்ள மாடல் 480 பிஎஸ், 550 நியூட்டன் மீட்டர். 510 பிஎஸ், 650 நியூட்டன் மீட்டர் தரும் காம்பெட்டிஷன் மாடலில் ஆட்டோமேட்டிக் மட்டுமே. பலத்துக்கு ஒன்று, கியர் போடும் சுகத்துக்கு ஒன்று என்று பிரித்துத்தான் விற்கிறார்கள். உங்கள் வதந்தியோ இரண்டையும் ஒரே வண்டியில் கட்டித் தருகிறது.

இன்னொன்று. ஒரே வண்டிக்கு ஒரு இடத்தில் 402 குதிரைத்திறன், இன்னொரு இடத்தில் 408 என்று படித்தால் "இரண்டு வெர்ஷன் வருகிறது" என்று முடிவுகட்டாதீர்கள். 300 கிலோவாட்டைப் பிரிட்டிஷ் கணக்கில் சொன்னால் 402, மெட்ரிக் கணக்கில் 408. எண்தான் வேறு, இன்ஜின் ஒன்றுதான்.

படங்களை ஓரளவு நம்பலாம், எங்கே பார்ப்பது என்று தெரிந்தால். சுருள் சுருளாகக் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒட்டியிருக்கும் உடம்பை விட்டுவிடுங்கள். கண்ணை ஏமாற்றத்தான் அது. ஸ்டிக்கருக்கு அடியில் போலிப் புடைப்புகளையும் திருகிவைப்பார்கள். சில நேரம் பழைய மாடலின் உடம்புக்குள் புது இன்ஜினை வைத்து ஓட்டுவதும் உண்டு. பார்க்கவேண்டியது சக்கரத்தின் உள்ளே. பிரேக் தட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் விரல் நுழையும் இடமாவது இருக்கிறதா? இல்லையென்றால் பெரிய பிரேக், அதாவது அதிகப் பலமோ எடையோ அதற்குப் பின்னால் இருக்கிறது. டயர் ஓரத்து எழுத்தைப் பெரிதாக்கிப் படியுங்கள். அகலம் முன்னால் 245, பின்னால் 275 மில்லிமீட்டர் என்றிருந்தால் பின்சக்கரங்களுக்குத்தான் அதிகப் பலம் போகிறது என்று ஊகிக்கலாம். பம்பரின் வலைக்குப் பின்னால் இரண்டு ஓரங்களிலும் கூடுதல் ரேடியேட்டர் தெரிந்தால், சூட்டைக் குறைக்க வேண்டிய அளவுக்குப் பலம் இருக்கிறது. வண்டியில் "ஹைபிரிட் டெஸ்ட் வெஹிக்கிள்" என்ற மஞ்சள் வட்ட ஸ்டிக்கர் இருக்கிறதா என்றும் தேடுங்கள். விபத்து நடந்தால் மீட்க வருகிறவர்களுக்கு மின்னழுத்த எச்சரிக்கை அது. பொய்க்காக அதை ஒட்டமாட்டார்கள்.

புது மாடலுக்கென்று ஒரு பெயரைக் கம்பெனி பதிவு செய்துவிட்டது என்ற மாதிரிச் செய்தியை நான் பொருட்படுத்துவதே இல்லை. பிறர் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவும் கம்பெனிகள் பெயரைப் பிடித்துவைக்கும்.

வண்டி வந்தே விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு மாடலை வாங்க ஓடாதீர்கள். டொயோட்டா ஜிஆர் சுப்ரா 2019இல் வந்தபோது அமெரிக்காவில் 335 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் மட்டும். 2021 மாடலிலேயே அது 382 ஆனது. மேனுவல் 2022இல் வந்தது. முதல் வரிசையில் நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! பிஎம்டபிள்யூ எம்2 காரும் 2022இல் 460 பிஎஸ், 2024இல் 480.

ஆக உங்கள் நிலையில் நான் இருந்தால் இப்போது விற்பனையில் இருக்கும் மாடலை ஒரு மணி நேரமாவது ஓட்டிப்பார்ப்பேன். பிடித்திருந்தால், அதிலும் அதற்கு மேனுவல் இருந்தால், வாங்கிவிடுவேன். புது மாடல் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டதும் பழைய சரக்கைத் தள்ள டீலர்கள் விலையைக் குறைப்பது வழக்கம். பொறுமை இருந்தால் அதுவரை காத்திருக்கலாம். ஆனால் புதியதில் மேனுவல் இல்லை என்று தெரிந்துவிட்டால், தள்ளுபடிக்குப் பதில் தட்டுப்பாடுதான் வரும். எதுவானாலும், அடுத்த கார் கைக்கு வரும்வரை ஐந்து வயதுக் காரை விற்காதீர்கள்.

அடுத்த முறை உள்பக்கப் படம் ஏதாவது கசிந்தால், டாஷ்போர்டை மூடிய கறுப்புத் துணியை விட்டுவிட்டுக் கீழே பெடல்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.